நீராவிச் சுழலி கண்ட பார்சன்ஸ்

கொதிக்கும் பானையின் மூடியை ஆவி தள்ளி எழுப்புவதை நாம் அடுப்படியில் நாள்தோறும் காண்கிறோம். இந்த எளிய காட்சியில் அடங்கியிருக்கும் பேராற்றலைப் பணிகொள்ளும் வழியை, 18ஆம் நூற்றாண்டில் பிரிட்டனில் வாழ்ந்த நியூகோமன், ஜேம்ஸ் வாட் முதலிய பொறிஞர்கள் கண்டறிந்தனர். அவர்கள் அமைத்த எந்திரங்கள் சுரங்கங்களில் ஊறிய நீரை இறைத்தன, ஆலைகளை ஓட்டின. பின்வந்தோர் அதே முறையால் இரயில் வண்டிகளையும் கப்பல்களையும் இயக்கினர்.

எனினும் அவ்வெந்திரங்களிடம் ஒரு குறை இருந்தது. ஓர் உருளைக்குள் புகும் நீராவி, அதனுள் இருக்கும் உந்துதண்டை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தள்ளும். அம்முனையில் தண்டு நின்று, திரும்பி, மீண்டும் வந்த வழியே செல்லும். இவ்வாறு முன்னும் பின்னுமாக நிகழும் இயக்கத்தை நெம்புகோல்களைக் கொண்டு சுழற்சியாக மாற்ற வேண்டும். கனத்த இரும்புத் தண்டு ஒவ்வொரு முறையும் நின்று திரும்புவதால் எந்திரம் அதிரும். அதன் வேகத்தை ஓர் அளவுக்கு மேல் உயர்த்த இயலாது.

1880ஆம் ஆண்டையடுத்து மின்விளக்குகள் பரவத் தொடங்கியபோது இக்குறை பெரிதாகத் தோன்றியது. மின்சாரத்தைப் பிறப்பிக்கும் மின்னாக்கி வேகமாகச் சுழல விரும்பும் பொறி; அதை ஓட்டவேண்டிய நீராவி எந்திரமோ மெல்ல அசையும் பொறி. இரண்டையும் பெரிய சக்கரங்களாலும் தோல்பட்டைகளாலும் இணைத்தனர். செக்கு மாட்டைக் கொண்டு தையற்பொறியை ஓட்டுவது போன்ற ஏற்பாடு அது. காற்று காற்றாடியைச் சுழற்றுவது போலவும், ஓடும் நீர் நீர்ச்சக்கரத்தைச் சுழற்றுவது போலவும் நீராவியே நேராக ஒரு சக்கரத்தைச் சுழற்றினால் என்ன? இவ்வெண்ணம் பலருக்குத் தோன்றியதுண்டு, முயன்றவர்களும் உண்டு. அதைப் பெரும் பயன் தரும் வகையில் நிறைவேற்றியவர் சார்லஸ் பார்சன்ஸ் என்னும் பொறிஞர் ஆவார்.

பார்சன்ஸ் 1854ஆம் ஆண்டு ஜூன் மாதம் 13ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். அவருடைய தந்தையார் அயர்லாந்தில் பர் என்னும் ஊரில் கோட்டையும் நிலமும் உடைய பிரபு. ராஸ் என்னும் பட்டம் பெற்றவர். செல்வராயினும் அவர் சோம்பி இருந்தாரல்லர். தம் கோட்டையிலேயே பட்டறைகளை அமைத்து, ஆறு அடி விட்டமுள்ள ஆடியைத் தாமே வார்த்து, 1845இல் ஒரு பெருந்தொலைநோக்கியை நிறுவினார். 1917 வரை உலகில் அதனினும் பெரிய தொலைநோக்கி இருந்ததில்லை. இத்தகைய வீட்டில் வளர்ந்த சிறுவனுக்கு உலைக்களமும் கடைசல் பொறியுமே விளையாட்டுக் களமாயின. பார்சன்ஸ் பள்ளிக்குச் செல்லவில்லை. வீட்டிலேயே அறிஞர்களிடம் பாடம் கேட்டார். பின்னர் டப்ளினிலும் கேம்பிரிட்ஜிலும் கல்லூரிக் கல்வி பெற்று, 1877இல் கணிதத்தில் சிறப்பாகத் தேறினார்.

பிரபுவின் மகன் அடுத்துச் செய்த செயல் பலருக்கு வியப்பைத் தந்திருக்கும். அவர் நியூகாசில் நகரையடுத்த எல்சுவிக்கில் இருந்த ஆர்ம்ஸ்ட்ராங் தொழிற்சாலையில் தொழில் பயிலும் மாணவராகச் சேர்ந்தார். கணித நூல்களைப் புரட்டிய கைகள் அரமும் சுத்தியலும் பிடித்தன. ஏட்டறிவும் கைத்திறனும் ஒருவரிடத்தே கூடியது பின்னர் பெரும்பயன் விளைத்தது. 1884ஆம் ஆண்டில், தம் முப்பதாம் வயதில், கேட்ஸ்ஹெட் நகரில் கப்பல்களுக்கான கருவிகளைச் செய்துவந்த கிளார்க் சாப்மன் நிறுவனத்தில் அவர் பங்காளியாகச் சேர்ந்தார். மின்கருவிகளைச் செய்யும் பகுதி அவர் பொறுப்பில் விடப்பட்டது. கப்பல்களில் மின்விளக்கு ஏற்றுவதற்குச் சிறிய, விரைவான ஒரு பொறி தேவைப்பட்டது. இத்தேவையே பார்சன்ஸின் சிந்தனையைத் தூண்டியது.

நீராவியால் ஒரு சக்கரத்தை நேராகச் சுழற்றுவதில் உள்ள இடர்ப்பாடு யாது? அழுத்தம் மிகுந்த நீராவியை ஒரே முறையில் விரியவிட்டால் அது அளவு கடந்த வேகத்துடன் பாய்கிறது. கொதிகலத்திலிருந்து வெற்றிடத்துக்குப் பாயும் ஆவியின் வேகம் வினாடிக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேலும் செல்லக்கூடும். அதன் ஆற்றலைச் சக்கரம் நன்கு ஏற்க வேண்டுமானால், சக்கரத்தின் விளிம்பு அவ்வேகத்தில் ஏறத்தாழப் பாதி வேகத்திலாவது சுழல வேண்டும். அவ்வளவு வேகத்தை அக்காலத்து உலோகங்கள் எளிதில் தாங்கமாட்டா. சுவீடன் நாட்டுப் பொறிஞர் டி லாவல் இவ்வழியிலேயே சென்று, மிகுந்த வேகத்தில் சுழலும் சிறு சக்கரங்களை அமைத்தார். அவை சிறு வேலைகளுக்குப் பயன்பட்டன. பெருவேலைகளுக்கு ஏற்றவையாக அமையவில்லை.

பார்சன்ஸ் வேறு வழியில் சிந்தித்தார். உயர்ந்த மலையிலிருந்து ஒரே வீழ்ச்சியாக விழும் அருவியின் கீழே ஒரு சக்கரத்தை வைத்தால், அது தெறித்துச் சிதறலாம். அந்நீரே படிப்படியாக இறங்கும் ஓடையாக வருமானால், படிக்கொரு சக்கரம் வைத்து, அதன் ஆற்றல் முழுவதையும் அமைதியாகப் பெறலாம். நீராவியின் அழுத்தத்தையும் இவ்வாறே பல சிறுபடிகளாகப் பகுத்து இறக்கினால் என்ன என்று அவர் எண்ணினார். ஒவ்வொரு படியிலும் அழுத்தம் சிறிதளவே குறையும். ஆகவே ஆவியின் வேகமும் அடங்கியிருக்கும்.

அவர் அமைத்த சுழலியில் நீண்டதோர் அச்சுத்தண்டு உண்டு. அதைச் சுற்றிச் சிறு தகடுகள் வளையம் வளையமாகப் பொருத்தப்பட்டிருக்கும். அத்தண்டை மூடியுள்ள கூட்டின் உட்புறத்திலும் அத்தகைய தகடுகள் வரிசை வரிசையாக இருக்கும். கூட்டின் தகடுகள் அசையமாட்டா. தண்டின் தகடுகள் சுழலும். அசையா வரிசை ஒன்று, சுழலும் வரிசை ஒன்று என அவை மாறி மாறி அமைந்துள்ளன. அசையாத தகடுகள் ஆவியைத் தக்க திசையில் திருப்பி விடுகின்றன. சுழலும் தகடுகள் அதன் உந்துதலை ஏற்றுத் தண்டைச் சுற்றுகின்றன. ஆவி தண்டை ஒருபுறமாகத் தள்ளிவிடாதபடி, அதை நடுவில் புகுத்தி இருபுறமும் பிரிந்து செல்லுமாறு செய்தார். வேகமாகச் சுழலும் தண்டு தன் மையத்தைத் தானே தேடிக்கொள்ளும் வகையில் சற்றே நெகிழ்ந்து கொடுக்கும் தாங்கிகளையும் அமைத்தார்.

இத்தனையும் செய்தபின் மற்றொரு சிக்கல் எழுந்தது. அவருடைய முதற்சுழலி நிமிடத்திற்கு 18,000 முறை, அதாவது வினாடிக்கு 300 முறை சுழன்றது. மெல்லச் சுழலும் எந்திரத்துக்கு மின்னாக்கி பொருந்தவில்லை என்ற நிலை மாறி, விரைந்து சுழலும் சுழலிக்கு எந்த மின்னாக்கியும் ஈடு கொடுக்க முடியாது என்ற நிலை வந்தது. அவ்வேகத்தில் மின்னாக்கியின் செம்புக் கம்பி ஒவ்வொன்றும் தன் எடையைப்போல் பல்லாயிரம் மடங்கு விசையுடன் வெளியே பறக்க முயலும். எனவே பார்சன்ஸ் மின்னாக்கியையும் புதிதாகவே வகுத்தார். சுழலும் பகுதியை ஒல்லியாகவும் நீளமாகவும் அமைத்து, கம்பிகள் பிய்ந்து போகாதபடி அவற்றின்மேல் வலிய கம்பிக் கட்டுகளை இறுக்கிச் சுற்றினார். சுழலியும் மின்னாக்கியும் ஒரே அச்சில் இணைந்து ஓடின. 7.5 கிலோவாட் ஆற்றல் தந்த அம்முதற்பொறி இன்றும் இலண்டன் அறிவியற் காட்சிச்சாலையில் காக்கப்பட்டு வருகிறது.

1884ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் பார்சன்ஸ் தம் புதுமைகளுக்குக் காப்புரிமை வேண்டி விண்ணப்பித்தார். அவற்றுள் 6734, 6735 என்னும் எண்கள் பெற்ற இரண்டும் சுழலியையும் மின்னாக்கியையும் பற்றியவை. காப்புரிமை என்பது கண்டுபிடித்தவருக்கும் சமுதாயத்துக்கும் இடையே ஏற்படும் ஓர் உடன்படிக்கை எனலாம். கண்டுபிடித்தவர் தம் பொறியின் நுட்பத்தை ஒளிக்காமல் எழுதி வெளியிட வேண்டும். அதற்கு ஈடாக, குறித்த ஓர் எல்லைக் காலம் வரை, அவருடைய இசைவின்றிப் பிறர் அதைச் செய்யவோ விற்கவோ கூடாது. பிரிட்டனில் அக்காலத்தில் அந்த எல்லை பதினான்கு ஆண்டுகள். அதன்பின் அது எல்லாருக்கும் உரிய பொதுச் செல்வமாகிவிடும்.

அடுத்த ஐந்தாண்டுகளில் இருநூற்றுக்கும் மேற்பட்ட சுழலிப்பொறிகள் செய்யப்பெற்றன. அவை பெரும்பாலும் கப்பல்களில் விளக்கேற்றவே பயன்பட்டன. ஊர்களுக்கு ஒளி தரும் பெரிய சுழலிகளை அமைக்க வேண்டும் என்பது பார்சன்ஸின் வேட்கை. இதுபற்றி அவருக்கும் ஏனைய பங்காளிகளுக்கும் கருத்து வேறுபாடு ஏற்பட்டது. 1889இல் அவர் நிறுவனத்தை விட்டு விலகி, நியூகாசிலை அடுத்த ஹீட்டனில் தமக்கெனத் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கினார். ஆனால் அவர் பெற்ற காப்புரிமைகள் நிறுவனத்தின் உடைமையாக இருந்தன. விலகிச் சென்றவர் அவற்றைக் கொண்டு செல்ல இயலவில்லை. ஆவி அச்சின் வழியே நேராகச் செல்லும் சுழலியை உலகுக்கு அளித்தவர் அவரே. இனி அதைச் செய்யும் உரிமை அவருக்கு இல்லை! புதிய தொழிற்சாலையின் கதவு திறந்திருந்தது. அதனுள் செய்வதற்குரிய பொருள் சட்டத்தால் தடுக்கப்பட்டிருந்தது.

இந்நிலையில் மனந்தளர்ந்து வேறு தொழிலை நாடுவோர் பலர். சட்டத்தோடு வழக்காடிக் காலத்தைக் கழிப்போரும் உண்டு. பார்சன்ஸோ தம் கண்டுபிடிப்பின் அடிப்படையை எண்ணிப் பார்த்தார். அழுத்தத்தைப் படிப்படியாகப் பகுக்க வேண்டும் என்பதே அதன் உயிர்க்கருத்து. ஆவி அச்சின் வழியே செல்வது அக்கருத்தை நிறைவேற்றும் வழிகளில் ஒன்றுதான். வேறு வழி இல்லையா என்று தேடினார், கண்டார். ஆவி நடுவில் புகுந்து, வண்டிச் சக்கரத்தின் ஆரங்களைப் போல நாற்புறமும் வெளிநோக்கிப் பாயும் புதிய சுழலியை அமைத்தார். எதிரெதிராக நிற்கும் வட்டுகளின் முகத்தில் தகடுகள் வட்டம் வட்டமாகப் பொருத்தப்பட்டிருந்தன. இது பழைய வகையைப்போல் எளிதானதன்று, செய்வதும் கடினம். எனினும் பார்சன்ஸ் அதை இடைவிடாது திருத்தினார்.

அதுவரை சுழலியிலிருந்து வெளியேறும் ஆவி வானில் கலந்து வீணாயிற்று. அதைக் குளிர்கலத்துள் செலுத்தி நீராக்கினால், அங்கே அழுத்தம் வெகுவாகக் குறையும். ஆவி இன்னும் பல படிகள் இறங்கி வேலை செய்யும். கேம்பிரிட்ஜ் நகரின் மின்நிலையத்துக்காக இவ்வாறு செய்த 100 கிலோவாட் சுழலியை 1892இல் பேராசிரியர் யூயிங் ஆராய்ந்தார். நல்ல நீராவி எந்திரங்களுக்கு அது எவ்வகையிலும் குறைந்ததன்று என்பது தெளிவாயிற்று. சுழலி ஆவியை விழுங்கும் பொறி என்று இகழ்ந்தவர்களும் தம் கருத்தை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. தடையாக வந்த வழியே பார்சன்ஸைப் புதியதோர் உண்மைக்கு இட்டுச் சென்றது.

1894இல் பழைய நிறுவனத்துடன் உடன்பாடு ஏற்பட்டு, இழந்த காப்புரிமைகள் பார்சன்ஸிடம் மீண்டு வந்தன. அவற்றுக்குரிய பதினான்கு ஆண்டுகளில் பத்து ஆண்டுகள் அப்போது கழிந்துவிட்டன. காலக்கெடு முடிய இருந்த 1898இல் அவர் முறையீடு செய்ய, கண்டுபிடித்தவர் தம் உழைப்புக்குத் தக்க பயன் பெறவில்லை எனக் கண்டு, பிரிவி கவுன்சில் மேலும் ஐந்தாண்டுகள் நீட்டித்துத் தந்தது.

அதற்கிடையில் பார்சன்ஸ் கடலின்மீது கருத்தைச் செலுத்தியிருந்தார். 1894இல் ஏறத்தாழ 100 அடி நீளமும் 9 அடி அகலமும் 44 டன் எடையும் உள்ள ஒரு சிறு கப்பலைக் கட்டி, 'டர்பினியா' எனப் பெயரிட்டார். சுழலியால் ஓடிய முதற்கப்பல் அதுவே. ஆனால் முதல் ஓட்டங்கள் ஏமாற்றமே அளித்தன. கப்பல் மணிக்கு 20 கடல்மைல் வேகத்தையும் எட்டவில்லை. ஒரு கடல்மைல் என்பது ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர். குறை சுழலியில் இருக்கிறதா, வேறெங்கேனும் இருக்கிறதா?

ஆராய்ந்தபோது, குறை பெரிதும் நீரைத் தள்ளும் விசிறியில் இருப்பது புலப்பட்டது. விசிறி மிக விரைந்து சுழன்றதால் நீர் அதைத் தொடர்ந்து வர முடியவில்லை. விசிறியைச் சுற்றி ஆவி நிறைந்த வெற்றுக்குமிழிகள் தோன்றின. விசிறி நீரைத் தள்ளாமல் குமிழிகளையே கலக்கிக்கொண்டிருந்தது. கடலடியில் நிகழ்வதைக் கண்ணால் காண்பது எங்ஙனம்? பார்சன்ஸ் ஒரு சிறு தொட்டியில் நீரைச் சூடாக்கி, அதன் மேலுள்ள காற்றழுத்தத்தைக் குறைத்து, சிறு விசிறியைச் சுழற்றினார். விட்டு விட்டு மின்னும் ஒளியைப் பாய்ச்சியபோது, சுழலும் விசிறி நிற்பதுபோல் தோன்ற, குமிழிகள் உருவாவதைத் தெளிவாகக் கண்டார்.

நோய் தெரிந்தபின் மருந்து கிடைத்தது. 1896இல் கப்பலிலிருந்த சுழலியை அகற்றிவிட்டு, மீட்டெடுத்த தம் பழைய முறைப்படி மூன்று சுழலிகளை வைத்தார். ஆவி முதலாவதில் வேலை செய்து, இரண்டாவதற்குச் சென்று, பின் மூன்றாவதற்குச் சென்றது. மூன்றும் தனித்தனித் தண்டுகளைச் சுழற்றின; தண்டுக்கு மூன்றாக ஒன்பது விசிறிகள் வேலையைப் பகிர்ந்துகொண்டன. சுழலியில் அழுத்தத்தைப் பகுத்த அதே அறிவு இங்கே சுமையையும் பகுத்தது. கப்பல் மணிக்கு 34 கடல்மைலுக்கு மேல் பறந்தது.

1897ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள், விக்டோரியா அரசியாரின் ஆட்சி அறுபது ஆண்டு நிறைந்ததைக் கொண்டாடும் பொருட்டு, ஸ்பிட்ஹெட் என்னும் கடற்பகுதியில் பிரிட்டனின் போர்க்கப்பல்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை அணிவகுத்து நின்றன. பல நாட்டு விருந்தினரும் கூடியிருந்தனர். அப்போது அவ்வரிசைகளுக்கிடையே 'டர்பினியா' அம்பெனப் பாய்ந்தது. அதைத் தடுக்கச் சென்ற காவற்படகுகளால் அதை நெருங்கவும் முடியவில்லை. ஆயிரம் சொற்களால் விளக்கியும் நம்பாதவர்கள், அன்று கண்ட காட்சியால் நம்பினர். கடற்படையினர் சுழலி பொருத்திய இரு போர்க்கப்பல்களை வாங்கினர். 1901இல் கிளைடு ஆற்றில் 'கிங் எட்வர்ட்' என்னும் பயணிகள் கப்பல் சுழலியால் ஓடத் தொடங்கியது. 1906ஆம் ஆண்டில் முடிவுற்ற 'டிரெட்நாட்' போர்க்கப்பலும், 1907இல் பணி தொடங்கிய 'லூசிட்டானியா', 'மாரிட்டானியா' என்னும் பெருங்கப்பல்களும் பார்சன்ஸ் சுழலிகளையே கொண்டிருந்தன.

நிலத்திலும் சுழலியின் வளர்ச்சி வியக்கத்தக்கது. 1890இல் நியூகாசில் நகரின் போர்த் பேங்க்ஸ் மின்நிலையத்தில் அமைந்தவை 75 கிலோவாட் ஆற்றலுடையவை. 1900இல் ஜெர்மனியின் எல்பர்பெல்டு நகருக்கு 1,000 கிலோவாட் பொறிகள் சென்றன. 1912இல் அமெரிக்காவின் சிகாகோ நகருக்கென அமைந்த பொறியின் ஆற்றல் 25,000 கிலோவாட். முதற்பொறியினும் இது மூவாயிரம் மடங்கு பெரிது. இடைப்பட்ட காலமோ முப்பது ஆண்டுகளுக்கும் குறைவு.

பார்சன்ஸ் தம் வாழ்நாளில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட காப்புரிமைகளைப் பெற்றார். சுழலியின் மிகுவேகத்தைக் கப்பல் விசிறிக்கு ஏற்றவாறு குறைக்கும் பற்சக்கர அமைப்பை 'வெஸ்பேசியன்' என்னும் பழைய சரக்குக் கப்பலில் வைத்து 1910இல் நிறுவிக் காட்டினார். அழுத்திய காற்றின் துணையால் இசையொலியைப் பெருக்கும் கருவியொன்றையும் செய்தார். அவர் தொட்டவை யாவும் வெற்றி பெற்றன எனக் கருதுதல் கூடாது. கரியிலிருந்து செயற்கை வைரம் செய்யப் பல ஆண்டுகள் பெரும் பொருள் செலவிட்டு முயன்றார், வைரம் கிடைக்கவில்லை. தாம் தோற்றதை மறைக்காமல் உலகுக்கு அறிவித்த நேர்மையும் அவருக்கு இருந்தது. 1911இல் 'சர்' பட்டமும், 1927இல் 'ஆர்டர் ஆப் மெரிட்' என்னும் உயர்ந்த சிறப்பும் பெற்ற அவர், 1931ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள், கப்பற் பயணத்தின்போது ஜமைக்காத் தீவின் கிங்ஸ்டன் துறைமுகத்தில் உயிர்நீத்தார். 'டர்பினியா' இன்றும் நியூகாசில் நகரக் காட்சிச்சாலையில் நிற்கிறது.

நிலக்கரியை எரிக்கும் மின்நிலையமாயினும், அணுவைப் பிளக்கும் மின்நிலையமாயினும், அங்கே பிறக்கும் வெப்பம் நீரை ஆவியாக்குகிறது. அந்த ஆவி சுழலியின் தகடுகளைத் தள்ளுகிறது. 1962இல் மின்சாரம் வழங்கத் தொடங்கிய நெய்வேலியிலும் இதுவே நிகழ்கிறது. கூடங்குளத்தில் ஓர் அணு உலையோடு இணைந்த சுழலிப்பொறி பத்து இலட்சம் கிலோவாட் மின்சாரம் தருகிறது. இவற்றின் அமைப்பு எவ்வளவோ திருத்தம் பெற்றிருப்பினும், ஆவியின் அழுத்தத்தைப் படிப்படியாகப் பகுத்து இறக்கும் அடிப்படை மாறவில்லை.

பார்சன்ஸிடமிருந்து காப்புரிமை பிரிந்தது. அதைப் படைத்த அறிவு அவரைவிட்டுப் பிரியவில்லை. ஏட்டில் எழுதியதை இழந்தவர், தாம் உணர்ந்திருந்ததைக் கொண்டு மீண்டும் தொடங்கினார். ஒரு பொருளின் வடிவத்தை மட்டும் அறிந்தவன், வடிவம் கைவிட்டுப் போனால் வெறுங்கையனாவான். அதன் காரணத்தை அறிந்தவன் வேறொரு வடிவத்தைக் காண்பான். ஒரே பாய்ச்சலில் கடக்க இயலாத தடையையும் படிகளாகப் பகுத்தால் கடக்கலாம் என்பதை அவருடைய சுழலி காட்டுகிறது. அவருடைய வாழ்வும் அதையே காட்டுகிறது.